18 மணி நேரம் பறந்த தபஸ் தோல்வியா?

சி.வி.ராமன்நகர்வாசி (இழையைத் தொடங்கியவர்), இரவு 8:40

பெங்களூரில் ஆளில்லா விமானம் செய்யும் அரசுப் பாதுகாப்பு ஆய்வகமான ஏ.டி.இ.யின் மதிலை ஒட்டிய சாலையில் தினமும் இரண்டு முறை போகிறவன் நான். உள்ளே என்ன நடக்கிறது என்று தெரியாது, வெளியே டீக்கடையில் நடப்பது தெரியும். நேற்று அங்கே ஒரு தகராறு. "இந்த மதிலுக்குள் பன்னிரண்டு வருஷம் ஒரு டிரோனைச் செய்து கடைசியில் கிடப்பில் போட்டுவிட்டார்கள்" என்றார் ஒருவர். எனக்குச் சுருக்கென்றது. பதில் சொல்ல வாய் வரவில்லை, ஏனென்றால் அவர் சொன்னதில் பாதி உண்மை.

கதை தெரியாதவர்களுக்காக. ருஸ்தம்-2 என்று தொடங்கி தபஸ் என்று பெயர் மாறிய ஆளில்லா விமானம் இது. முதலில் வேவு பார்க்க, பின்னால் ஆயுதம் ஏந்த என்பது நினைப்பு. 2011இல் சுமார் 1,540 கோடி ரூபாய்க்கு அனுமதி கிடைத்தது. 2016 ஆகஸ்டில் வேலை முடிந்திருக்க வேண்டும். ஆனால் முதல் முறை பறந்ததே அந்த வருஷம் நவம்பரில்தான். செலவை அப்புறம் 1,786 கோடியாகத் திருத்தினார்கள். முப்படைகளும் கேட்டது 30,000 அடி உயரம், 24 மணி நேரம். தபஸ் எட்டியது 28,000 அடி, 18 மணி நேரம். 2024 ஜனவரியில் முன்னுரிமைத் திட்டங்களின் பட்டியலிலிருந்து அதை எடுத்துவிட்டார்கள்.

நூற்றுக்கு எழுபத்தைந்து வாங்கிய பிள்ளையை ஃபெயில் என்று சொல்லலாமா? இதுதான் என் கேள்வி.


நாலு_ரோட்டர், இரவு 9:05

சொல்லலாம். பாதிக் கிணறு தாண்டியவனுக்கு யாரும் மாலை போடுவதில்லை, கயிறுதான் போடுவார்கள்.

நான் இதே ஊரில் சின்ன டிரோன் செய்யும் ஒரு சிறு கம்பெனியில் வேலை பார்க்கிறேன். அதனால் எனக்குச் சாய்வு உண்டு, முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஆனால் கணக்குக்குச் சாய்வு கிடையாது. தளத்திலிருந்து கண்காணிக்கும் இடத்துக்குப் போக மூன்று மணி நேரம், திரும்ப மூன்று மணி நேரம் என்று வைத்துக்கொள்ளுங்கள். 18 மணி நேர விமானம் அங்கே நிற்பது 12 மணி நேரம். 24 மணி நேர விமானம் நிற்பது 18 மணி நேரம். ஓர் இடத்தை இரவும் பகலும் விடாமல் பார்க்க வேண்டுமென்றால், மூன்று நாளைக்கு முதலாவது ஆறு முறை ஏற வேண்டும். இரண்டாவதுக்கு நான்கு முறை போதும். ஆறு மணி நேரம் குறைந்தது என்று லேசாகச் சொல்கிறீர்கள். தேய்மானம், ஆட்கள், எரிபொருள் எல்லாம் கூடும், ஏறி இறங்கும் ஆபத்து ஒன்றரை மடங்கு.

எழுபத்தைந்து மார்க் என்பது பள்ளிக்கூடத்தில். விமானத்தில் கடைசி இருபத்தைந்துதான் பரீட்சையே.


அல்சூர்_தாத்தா, இரவு 9:31

தம்பியின் கணக்கு சரி. மறுக்கவில்லை.

ஆனால் கேள்வியை இன்னும் கொஞ்சம் தோண்ட வேண்டும். அந்த ஆறு மணி நேரம் எங்கே போனது? எடையில் போனது. திட்டமிட்டது இரண்டு டன்னுக்கும் குறைவாக. வந்து நின்றது 2,850 கிலோ. தலைமைக் கணக்குத் தணிக்கையாளர் அறிக்கையிலேயே இது இருக்கிறது. முப்பதாயிரம் அடியில் காற்றின் அடர்த்தி கடல்மட்டத்தில் இருப்பதில் நூற்றுக்கு முப்பத்தேழு பங்குதான். மெலிந்த காற்றில் தடித்த உடம்பை ஏற்றிக்கொண்டு போக எஞ்சின் மூச்சு வாங்கும்.

எடை எப்படிக் கூடும் என்று கேட்பவர்களுக்கு என் அனுபவத்தைச் சொல்கிறேன். நான் தபஸில் வேலை பார்த்தவன் இல்லை. இந்த ஊரில் விமானப் பாகங்கள் செய்யும் ஒரு தொழிற்சாலையில் முப்பத்து நான்கு வருஷம் மெஷின் ஓட்டி, கடைசியில் இன்ஸ்பெக்‌ஷனில் ஓய்வு பெற்றேன். பெயர் வேண்டாம். அங்கே ஒரு பிராக்கெட் வந்தது, ஒரு குழாயைத் தாங்கிப் பிடிக்கும் சின்னத் தகடு. வரைபடத்தில் கனம் இரண்டு மில்லிமீட்டர். ஒரு முறை வளைக்கும்போது கீறல் விட்டது. உடனே ஒரு குறிப்பு வந்தது, "இப்போதைக்கு மூன்று மில்லிமீட்டரில் செய்யுங்கள், பிறகு பார்த்துக்கொள்ளலாம்" என்று. அந்தப் "பிறகு" நான் ரிட்டயர் ஆகும் வரை வரவில்லை. கீறலுக்குக் காரணம் தகட்டின் கனம் இல்லை, வளைவின் உள் ஆரம் போதாமல் இருந்தது. அதைச் சரி செய்ய டூலை மாற்ற வேண்டும், டூலை மாற்ற இன்னொரு துறையின் கையெழுத்து வேண்டும். ஒரு மில்லிமீட்டர் கூட்டுவதற்கு யார் கையெழுத்தும் பெரிதாக வேண்டியதில்லை.

ஊருக்குக் கிளம்பும் பிள்ளையின் பையை நினைத்துக்கொள்ளுங்கள். பாட்டி ஒரு பொட்டலம் வைப்பாள், அத்தை ஒரு முறுக்கு டப்பா வைப்பாள், அம்மா "இதென்ன பெரிய பாரமா" என்று ஊறுகாய் பாட்டிலைச் செருகுவாள். யாரும் கெட்ட எண்ணத்தில் வைக்கவில்லை. பஸ் நிலையத்தில் பையைத் தூக்கும்போதுதான் தோள் இறங்கும்.

எடைக்கென்று ஒருவன் வாசலில் உட்கார்ந்து "இதை எடு, அதை எடு" என்று எல்லோரிடமும் கெட்ட பெயர் வாங்க வேண்டும். வெளிநாட்டுப் பெரிய கம்பெனிகளில் அந்த ஆளுக்கு அதிகாரம் உண்டு. நம் பக்கத்தில் அந்த நாற்காலியில் உட்கார யாருக்கும் ஆசை இல்லை.


ஓசூர்_பஸ், இரவு 9:44

தாத்தா, முறுக்கு டப்பா அருமை.

ருஸ்தம்-1 முதலில் பறந்தது எங்கள் ஓசூரில்தான் என்பது இங்கே எத்தனை பேருக்குத் தெரியும்? 2009 நவம்பரில் அங்கிருக்கும் தனியார் விமானத்தளத்திலிருந்து கிளம்பியது. ஏறியதென்னவோ ஒழுங்காகத்தான் ஏறியது. இறங்கும்போது அது எவ்வளவு உயரத்தில் இருக்கிறது என்பதைத் தவறாகக் கணித்து, தரையிலிருந்தே எஞ்சினை அணைத்துவிட்டார்கள். அப்புறம் என்ன, விழுந்தது. அடுத்த வருஷம் அக்டோபரில் மறுபடி பறக்கவிட்டு ஒழுங்காக இறக்கினார்கள். அதெல்லாம் எங்கள் பக்கமே இருந்திருந்தால் இந்நேரம்...


மட்டுறுத்துநர், இரவு 9:50

"எங்கள் பக்கம், உங்கள் பக்கம்" பேச்சு இந்த இழையில் வேண்டாம். அதற்குத் தனி இழை இருக்கிறது, அங்கே 412 பதில்கள் ஏற்கெனவே கிடக்கின்றன.


நாலு_ரோட்டர், இரவு 10:12

ஐயா, உங்கள் பிராக்கெட் கதை என் வாதத்துக்குத்தான் துணை போகிறது. கையெழுத்துக்கு நாற்காலி நாற்காலியாக அலையும் இடத்தில் 24 மணி நேர விமானம் பிறக்காது. அதைத்தான் நானும் சொல்கிறேன்.

துருக்கிக்காரனைப் பாருங்கள். பைரக்தர் டி.பி.2 மொத்தமே 700 கிலோ. நூறு குதிரைத்திறன் எஞ்சின், அதுவும் ஆஸ்திரியாவில் செய்த ரோட்டாக்ஸ். கேமரா கனடா. வழக்கமாகப் பறப்பது 18,000 அடியில். முப்பதாயிரம் வேண்டும் என்று அவன் அடம் பிடிக்கவில்லை. கையில் இருந்ததைக் கட்டினான், ராணுவத்திடம் கொடுத்தான், சண்டையில் விட்டான், தப்பைத் திருத்தினான், அடுத்ததைக் கட்டினான். 2020இல் நாகோர்னோ-கராபக்கில், அஜர்பைஜானுக்கும் ஆர்மீனியாவுக்கும் நடந்த சண்டையில், உலகமே வாயைப் பிளந்தது.

நாம் முதல் படியிலேயே மாடிக்குக் கால் வைத்தோம்.


சி.வி.ராமன்நகர்வாசி, இரவு 10:20

அப்படியானால் தப்பு யாரிடம், விமானத்தைச் செய்தவர்களிடமா, கேட்டவர்களிடமா? 30,000 என்று எழுதியது ஏ.டி.இ. இல்லையே.


நாலு_ரோட்டர், இரவு 10:34

கேட்டவர்களுக்குக் காரணம் இருந்தது. லே விமானத்தளமே கடல்மட்டத்திலிருந்து பத்தாயிரத்துச் சொச்சம் அடியில் இருக்கிறது. சுற்றியுள்ள மலைகள் 18,000க்கு மேலே. தோளில் வைத்துச் சுடும் ஏவுகணை பத்துப் பன்னிரண்டாயிரம் அடி எட்டும். 28,000இல் பறந்தால் மலையுச்சியில் நிற்பவனுக்கு நீங்கள் பத்தாயிரம் அடிதான் மேலே. அவன் கைக்கெட்டும் தூரம்.


அல்சூர்_தாத்தா, இரவு 10:41

30,000இல் பறந்தால் அவனுக்கு 12,000 அடி மேலே. அப்போது மட்டும் எட்டாதா?


நாலு_ரோட்டர், இரவு 10:58

(பதினேழு நிமிஷம் யோசித்தேன், ஒப்புக்கொள்கிறேன்.)

சரி, உயர விஷயத்தில் என் வாதம் ஓட்டைதான். உச்சிக்கு நேர் மேலே போகாமல் தள்ளிப் பறந்தால் இரண்டுக்கும் பெரிய வித்தியாசம் இல்லை. நேரத்தைப் பற்றிச் சொன்னதை விட்டுக்கொடுக்க மாட்டேன்.


அல்சூர்_தாத்தா, இரவு 11:15

நேரத்தை நானும் கேட்கவில்லை. ஆனால் கடலில் மலை கிடையாதே. 2023 ஜூனில் சித்ரதுர்கா பக்கமிருந்து தபஸைக் கிளப்பி, கார்வாருக்கு அப்பால் 148 கிலோமீட்டர் தள்ளி நின்ற ஐ.என்.எஸ். சுபத்ரா கப்பலிடம் கட்டுப்பாட்டை ஒப்படைத்தார்கள். நாற்பது நிமிஷம் கப்பல்காரர்கள் ஓட்டினார்கள், அப்புறம் தரையிலிருந்தவர்கள் திரும்ப வாங்கிக்கொண்டார்கள். தறியில் நாடாவைக் கை மாற்றுகிற மாதிரி, நடுவில் ஓர் இழை அறுந்தாலும் விமானம் இல்லை. அது விளையாட்டு வேலையா? எல்லைக்கு ஆகாதது கடற்கரைக்கு ஆகும். கொஞ்சம் வாங்கி ஓட்டவிட்டிருந்தால் ஓட்ட ஓட்டத் தேறியிருக்கும். தேஜஸ் போர் விமானம் அப்படித்தானே வந்தது? 1983இல் அனுமதி, 2001இல் முதல் பறப்பு, 2016இல் முதல் அணி. அந்த அணி 2018இல் நம் சூலூருக்கு வந்து சில வருஷம் இருந்தது. நடுவில் எத்தனை பேர் அதற்குக் கருமாதி செய்தார்கள் என்று எனக்குத் தெரியும், பாதிப் பேருக்கு எங்கள் கான்டீனில்தான் சாப்பாடு.


நாலு_ரோட்டர், இரவு 11:22

தேஜஸ் உதாரணத்தைச் சொல்லி இன்னும் எத்தனை திட்டங்களுக்கு முப்பத்து மூன்று வருஷம் கேட்கப் போகிறோம் ஐயா?


புல்வெளி, காலை 6:50

நேற்றிரவு முழுக்க மேலே பார்த்தே பேசியிருக்கிறீர்கள். கீழே கொஞ்சம் பாருங்கள்.

தபஸ் ஏறி இறங்கிய சோதனைத் தளம் சித்ரதுர்கா மாவட்டத்தில் சள்ளகெரே பக்கம் இருக்கிறது. ஏ.டி.இ.யின் தாய் நிறுவனமான டி.ஆர்.டி.ஓ.வுக்கு மட்டும் 4,290 ஏக்கர். இந்திய அறிவியல் நிறுவனத்துக்கு 1,500. இன்னும் சில நிறுவனங்களுக்கும் கொடுத்திருக்கிறார்கள், எல்லாம் சேர்ந்து சுமார் பத்தாயிரம் ஏக்கர். அது தரிசு இல்லை. அமிர்தமகால் காவல் என்று பெயர். மைசூர் அரசர்கள் காலத்திலிருந்து மாடுகளுக்கென்றே ஒதுக்கிய மேய்ச்சல் நிலம். சுற்றியிருக்கும் ஊர்க்காரர்கள் ஆடு மேய்த்து, ரோமம் கத்தரித்து, கம்பளி நெய்து பிழைப்பவர்கள். சள்ளகெரே கம்பளிக்குப் பேர் போன ஊர். ஒருநாள் பார்த்தால் மேய்ச்சல் நிலத்தின் குறுக்கே மதில். பசுமைத் தீர்ப்பாயம் வரை போனார்கள்.

நான் அந்தப் பக்கம் நாலைந்து முறை கள ஆய்வுக்குப் போயிருக்கிறேன். ஒரு பெரியவர், மதில் வந்த பிறகு ஆடுகளை ஓட்டிக்கொண்டு சுற்றிப் போகும் தூரத்தைக் கையை நீட்டிக் காட்டினார். கிலோமீட்டரில் சொல்லத் தெரியவில்லை அவருக்கு. "முன்னெல்லாம் வெயில் ஏறுவதற்குள் போய்விடுவேன்" என்று மட்டும் சொன்னார்.

விழுந்ததும் அவர்கள் ஊர்ப்பக்கம்தான். 2019 செப்டம்பரில் ஒன்று, 2023 ஆகஸ்டில் ஹிரியூர் தாலுகாவில் ஒன்று. இரண்டும் விவசாய நிலத்தில். நல்ல வேளையாக ஆள் யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை.

1,786 கோடியில் இந்த மேய்ச்சல் நிலத்தின் விலை எந்த வரியில் எழுதியிருக்கிறது?


ஓசூர்_பஸ், காலை 7:15

அக்கா, கோபிக்காதீர்கள். விமானத்தை எங்காவது விட்டுத்தானே ஆக வேண்டும்? இந்திராநகரில் விட முடியுமா? அங்கே வெறும் பொட்டல், ஜனநெரிசல் இல்லை. அதனால்தான் அங்கே.


புல்வெளி, காலை 7:40

பொட்டல் என்று சொன்னால் எடுத்துக்கொள்வது சுலபம். புல்வெளிக்கு மரம் இருக்காது, தம்பி. அதனால் காடு என்று யாரும் மதிப்பதில்லை. கானமயில் வாழ்ந்த நிலம் அது, வெளிமான் இன்னமும் இருக்கிறது.

இன்னொன்று சொல்கிறேன், சிரிப்பதா அழுவதா என்று நீங்களே பாருங்கள். அமிர்தமகால் மாடுகளை ஹைதர் அலியும் திப்புவும் எதற்கு வளர்த்தார்கள்? பீரங்கியும் படைச் சாமானும் இழுக்க. அந்தக் காலத்து ராணுவத் தளவாடமே அந்த மாடுதான். பழைய தளவாடத்தின் தீவனத்தில் புதிய தளவாடம் ஓடுபாதை போட்டிருக்கிறது.


அல்சூர்_தாத்தா, காலை 8:30

அம்மா சொன்னது மனதைக் குத்துகிறது. தளம் வேண்டும் என்பேன், ஆனால் ஊர்க்காரர்களுக்கு வழிவிடாமல் மதில் எழுப்பியதை நியாயப்படுத்த எனக்குத் தெரியவில்லை.


நாலு_ரோட்டர், காலை 9:10

புல்வெளி மேடம் கேட்டது நல்ல கேள்வி. ஆனால் அது தபஸ் ஜெயித்திருந்தாலும் இருக்கும் கேள்வி.

நான் எஞ்சினுக்கு வருகிறேன், ஏனென்றால் "உள்நாட்டுத் தயாரிப்பு" என்ற சொல்லே அங்கேதான் வழுக்குகிறது. தபஸில் இருந்த இரண்டு எஞ்சின்களும் ஆஸ்ட்ரோ, ஆஸ்திரியா நாட்டுச் சரக்கு. அந்தக் கம்பெனியை 2017 முடிவில் வாங்கியவர் யார் தெரியுமா? சீனாவின் வான்ஃபெங். லடாக்கில் சீனாவை வேவு பார்க்க, சீன முதலாளியின் எஞ்சின். இதற்கு நேராக அமெரிக்காவிலேயே வாங்கிவிடலாமே? வாங்கியும்விட்டோம். 2024 அக்டோபரில் 31 எம்.க்யூ.-9பி ஆளில்லா விமானங்கள், சுமார் 32,000 கோடி. கடற்படைக்கு 15, மற்ற இரண்டுக்கும் எட்டு எட்டு.


சி.வி.ராமன்நகர்வாசி, காலை 9:26

ஒன்று ஆயிரம் கோடிக்கு மேல். தபஸின் மொத்தத் திட்டச் செலவில் இரண்டு கூட வராது! இதைத்தான் டீக்கடையில் சொல்லியிருக்க வேண்டும், தோன்றவில்லை.


நாலு_ரோட்டர், காலை 9:33

அப்படி வகுக்காதீர்கள் சார். அந்தத் தொகையில் ஏவுகணை, தரைக்கட்டுப்பாட்டு நிலையம், இங்கேயே பழுதுபார்க்கும் ஏற்பாடு எல்லாம் அடக்கம். தபஸ் 1,786 கோடி என்பது செய்து பார்த்த செலவு மட்டும். படைக்கு வேண்டிய எண்ணிக்கையில் கட்டிக் கொடுத்திருந்தால் பில் வேறு.


அல்சூர்_தாத்தா, காலை 10:02

வாங்கிய விமானமும் விழும் தம்பி. கடற்படை 2020இல் குத்தகைக்கு எடுத்த இரண்டு எம்.க்யூ.-9பியில் ஒன்று அரக்கோணம் ராஜாளித் தளத்திலிருந்து பறந்துகொண்டிருந்தது. 2024 செப்டம்பரில் சென்னைக்கு அப்பால் வங்கக்கடலில் இறக்க வேண்டியதாயிற்று. அதற்காக யாரும் அமெரிக்காவைப் பார்த்து "உனக்குச் செய்யத் தெரியவில்லை" என்று சொல்லவில்லை. நம்முடையது விழுந்தால் மட்டும் டீக்கடை கூடுகிறது.

எஞ்சின் விஷயத்தில் நீங்கள் சொல்வது முற்றிலும் சரி. நாம் ஓட்டாண்டி ஆகிற இடமே அதுதான். ஏ.டி.இ.க்கு அடுத்த வளாகத்தில் காவேரி எஞ்சின் 1989 முதல் வேகிறது. தேஜஸுக்குப் போதவில்லை என்று 2008இல் பிரித்துவிட்டார்கள். இப்போது அதில் பின்னெரிப்பு (கூடுதல் உந்துவிசைக்காக எஞ்சினின் பின்பக்கம் எரிபொருளை எரிப்பது) இல்லாத வகையைக் காதக் என்ற மறைந்து தாக்கும் ஆளில்லா விமானத்துக்கு வைக்கப் பார்க்கிறார்கள். அந்தக் காதக்குக்கு முன்னோடியாக வால் இல்லாத ஒரு சின்ன விமானத்தை 2022 ஜூலையில் அதே சள்ளகெரேயில் பறக்கவிட்டார்கள். அடுத்த வருஷம் அது தரையில் ரேடார் உதவி இல்லாமல், ஓட்டுநர் இல்லாமல், நம் சொந்த ககன் செயற்கைக்கோள் வழிகாட்டலை வைத்துத் தானே இறங்கியது. அதற்குள் இருந்த எஞ்சின் ரஷ்யாவுடையது, தெரியும், நீங்கள் எழுதுவதற்குள் நானே சொல்லிவிடுகிறேன்.

இறங்கும் வித்தை எங்கிருந்து வந்தது? 2009இல் ஓசூரில் உயரம் தெரியாமல் எஞ்சினை அணைத்தவர்களின் அதே கூடத்திலிருந்து. தபஸ் கிடப்பில் போனது, அதில் கை பழகியவர்கள் கிடப்பில் போகவில்லை. அப்துல் கலாம் அதே ஏ.டி.இ.யில் நந்தி என்று காற்றுமெத்தையில் ஓடும் ஒரு ஹோவர்கிராஃப்ட் செய்தார். பாதுகாப்பு அமைச்சர் கிருஷ்ண மேனனே அதில் ஏறிப் பார்த்தார். மேனன் பதவியை விட்டுப் போனதும் திட்டமும் போயிற்று. கலாம் ராக்கெட் பக்கம் போனார். நந்தி தோல்விதான், அதற்காக அதில் செலவான பணத்தை யாராவது இன்று கேட்கிறார்களா?


நாலு_ரோட்டர், காலை 10:20

கலாமை இழுத்தால் வாதத்தில் ஜெயித்துவிடலாம் என்று எல்லாத் தமிழ் இழையிலும் ஒரு வழக்கம் இருக்கிறது. ஐயா, உங்கள் மேல் மரியாதை உண்டு, ஆனால் ராணுவம் பயிற்சிப் பள்ளி நடத்தவில்லை.

என் சித்தப்பா மகன் ராணுவத்தில் ஹவில்தார், மலைமேல் இருக்கிறான். எந்த இடம் என்று எங்களுக்கே சொல்ல மாட்டான். முதல் விமானம் இறங்கி அடுத்தது வந்து சேரும் வரை நடுவில் ஒரு வெற்று நேரம் விழுகிறதே, அந்த நேரத்துக்கு அவனிடம் என்ன சொல்வீர்கள்? "எங்கள் ஆட்களுக்குக் கை பழகுகிறது, கொஞ்சம் பொறுத்துக்கொள்" என்றா?


அல்சூர்_தாத்தா, மதியம் 12:45

கோயிலுக்குப் போய்விட்டு வந்தேன், அதனால் தாமதம்.

எதுவும் சொல்ல மாட்டேன் தம்பி. அவனுக்கு வாங்கிக் கொடுங்கள். இன்றைக்குத் தேவையானதை இன்றைக்கு வாங்குங்கள், நான் குறுக்கே நிற்கவில்லை. கார்கில் சமயத்தில் நம் சொந்தத் தயாரிப்பாக இப்படி ஒன்று இல்லை. இஸ்ரேலிடம்தான் போய் நின்றோம். அப்போதும் வாங்கியது சரிதான்.

ஆனால் விற்பவன் எப்போதும் விற்பான் என்று நினைக்காதீர்கள். ஏவுகணையையும் பெரிய டிரோனையும் யாருக்கு விற்கலாம் என்று கட்டுப்படுத்தும் நாடுகளின் ஏவுகணைத் தொழில்நுட்பக் கட்டுப்பாட்டுக் குழுவில் நாம் சேர்ந்ததே 2016இல்தான். அதற்கு முன் காசை மூட்டையாகக் கட்டிக்கொண்டு போனாலும் ஆயுதம் தாங்கும் பெரிய டிரோனை அமெரிக்கா நமக்குத் தந்திருக்காது. நீங்கள் சொன்ன துருக்கிக்காரன் கதைக்கும் இரண்டாம் பாகம் இருக்கிறது. அதே 2020 அக்டோபரில் கனடா கேமரா ஏற்றுமதியை நிறுத்தியது, ரோட்டாக்ஸ் எஞ்சினும் நின்றது. அவன் படுத்துவிடவில்லை, ஏனென்றால் உள்ளூர் நிறுவனமான அசெல்சானின் கேமரா பக்கத்திலேயே வெந்துகொண்டிருந்தது. அரைவேக்காடாக இருந்தாலும் அடுப்பில் இருந்தது.

இப்போது நான் ஒன்று கேட்கிறேன், தப்பாக எடுத்துக்கொள்ளாதீர்கள். உங்கள் நாலு ரோட்டருக்கு மோட்டார் யாருடையது?


ஓசூர்_பஸ், மதியம் 12:52

ஆகா. பாப்கார்ன் எடுத்து வருகிறேன்.


நாலு_ரோட்டர், மதியம் 1:30

நேர்மையாகவே சொல்கிறேன்.

ஆரம்பத்தில் சீன மோட்டார்தான். வேகக்கட்டுப்பாட்டு அட்டையும் அங்கிருந்துதான். 2022இல் டிரோன் இறக்குமதிக்கே தடை வந்தது, ஆனால் உதிரிபாகங்களுக்குத் தடை இல்லை. கொண்டுவந்து பூட்டினோம், எல்லோரும் அப்படித்தான். 2025 பிப்ரவரியில் சீனப் பாகங்கள் இருக்கின்றன என்று ராணுவத்துக்கான 400 டிரோன் ஒப்பந்தத்தை ரத்து செய்தார்களே, சுமார் 230 கோடி, அன்றைக்கு இந்த ஊரில் பல கம்பெனிகளுக்குத் தூக்கம் போயிற்று. எங்களுடையது அதில் இல்லை, ஆனால் இருந்திருக்கலாம்.

அதற்கப்புறம் மோட்டாரை நாங்களே சுற்றிப் பார்க்கிறோம். காந்தம் இன்னமும் சீனாவிலிருந்துதான். 2025 ஏப்ரலில் அதற்கும் அவர்கள் கட்டுப்பாடு போட்டார்கள். கம்பி, சுற்று, வார்னிஷ் எல்லாம் இங்கே. நாலு செட் சுற்றினோம். மூன்று எரிந்துவிட்டன. மேஜை மேல் சோதிக்கும்போது ஓடுகிறது, முழு எடையோடு பத்துப் பன்னிரண்டு நிமிஷம் தாங்குகிறது, அப்புறம் புகை.

முதலீட்டாளர் கேட்கிறார், "வாங்கினால் நாலாயிரம் ரூபாய், எதற்கு இதெல்லாம்" என்று. என்னிடம் நல்ல பதில் இல்லை. நீங்கள் எங்கே வருகிறீர்கள் என்று புரிகிறது ஐயா. இருந்தாலும் என் மோட்டாரில் மூன்று எரிந்ததற்கு நாட்டின் 1,786 கோடி போகவில்லை.


சி.வி.ராமன்நகர்வாசி, மதியம் 1:48

இந்த இழையை டீக்கடையில் காட்டினேன். தகராறு செய்தவர் முழுக்கப் படித்தார். "எடைக்கு ஓர் ஆள் வாசலில் உட்காரணும்னு சொன்னாரே, அவர் யாரு?" என்று கேட்டார். தாத்தா, உங்களுக்கு ஒரு விசிறி.

இன்னொன்றும் கேட்டார். 2025 மே சண்டையில் இந்த ஊரில் செய்த டிரோன் போனதாகப் படித்தாராம், அது என்ன என்று.


நாலு_ரோட்டர், மதியம் 1:55

ஸ்கைஸ்ட்ரைக்கர். இஸ்ரேலிய வடிவமைப்பு, கூட்டு நிறுவனம், பெங்களூரில் தயாரிப்பு. போய் இலக்கில் மோதி வெடிக்கும் ஒற்றைப் பயண வகை, தபஸ் மாதிரி திரும்பி வருவதில்லை. என் கருத்தும் அதுதான். பெரிய விமானத்தை வாங்குங்கள், சின்னதை இங்கே செய்யுங்கள், நிறையச் செய்யுங்கள்.


அல்சூர்_தாத்தா, மாலை 4:10

சின்னதிலும் மோட்டார் வேண்டுமே.

பன்னிரண்டு நிமிஷத்தில் புகை என்றால் சூடு வெளியே போக வழியில்லை என்று தோன்றுகிறது. பல் இடுக்கில் கம்பியை எவ்வளவு நெருக்கிச் சுற்றுகிறீர்கள்? வார்னிஷ் உள்ளே வரை இறங்குகிறதா, மேலே மட்டும் தோலாக நிற்கிறதா? ஒன்றை அறுத்துப் பார்த்தீர்களா? இங்கே அல்சூர் சந்தைப் பக்கம் பம்ப் மோட்டார் சுற்றும் ஒரு பெரியவர் இருக்கிறார், எனக்கு நாற்பது வருஷப் பழக்கம். டிரோன் என்றால் என்னவென்று தெரியாது, ஆனால் எரிந்த சுருளை முகர்ந்து பார்த்தே எங்கே எரிந்தது என்று சொல்வார். ஞாயிறு காலை பத்து மணிக்கு ஏரிக்கரை வள்ளுவர் சிலை அருகே வாருங்கள், அழைத்துப் போகிறேன். எரிந்த மூன்றையும் எடுத்து வாருங்கள்.


நாலு_ரோட்டர், மாலை 4:26

வருகிறேன் ஐயா. தபஸ் விஷயத்தில் என் கருத்து மாறவில்லை என்பதை இங்கே பதிவு செய்துவிட்டு வருகிறேன்.


அல்சூர்_தாத்தா, மாலை 4:31

மாற வேண்டாம். ஓடுகிற நாலாவதையும் கொண்டு வாருங்கள், ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும்.


புல்வெளி, மாலை 6:05

மோட்டாருக்கு வழி பிறந்ததில் மகிழ்ச்சி. காலையில் நான் கேட்டது மேய்ச்சல் நிலத்தின் விலை எந்த வரியில் இருக்கிறது என்று. தாத்தாவைத் தவிர யாரும் அந்தப் பக்கமே திரும்பவில்லை. இழையைப் பூட்டிவிடாதீர்கள் மட்டுறுத்துநரே, நான் காத்திருக்கிறேன்.